உப்பேறிய கிணறு

பெரம்பூர்த் தோட்டமொன்றில் ஆயில் எஞ்சின் தண்ணீரைக் கொட்டுவதைப் பார்த்தேன். அந்த நொடியே எனக்குக் கன்னியம்மா அக்காவின் நினைவு வந்தது. எண்ணூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மணலில் கீரை போட்டுப் பிழைப்பவர். தினமும் தன் கிணற்றில் இருபது குடம் இறைத்ததும் நிறுத்திவிடுவார்.

"ஊத்து ஊறணும் தம்பி. ரொம்ப எடுத்தா பேஜாராப் பூடும்."

"இன்னாக்கா, கெணத்துக்குக்கூடவா லீவு?" என்று சிரித்தேன்.

எஞ்சினை வாடகைக்கு எடுத்துவந்து, அவர் தயங்கத் தயங்க மூன்று நாள் விடாமல் இறைத்தேன். கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் நிற்கும், அதற்குக் கீழே உப்புநீர் என்பது படித்த எனக்குத் தெரியவில்லை. நான்காம் நாள் கீரையெல்லாம் நுனி கருகிக் கிடந்தது. அக்கா கிணற்றுநீரை நாக்கில் வைத்துத் துப்பினார்.

"கடலை இட்டாந்து என் கெணத்துல வுட்டியே நைனா! இனிமே சந்தைக்கு இன்னாத்த எடுத்துகினு போவேன்?"

அதற்குமேல் திட்டவில்லை. கருகிய தண்டுகளைப் பிடுங்க உட்கார்ந்துவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏன் தயங்குகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், வேகத்தில் கேட்கவில்லை.

எஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை, கடலைவிட்டுத் தள்ளி மேற்கு மேட்டில், இடுப்பளவு ஆழத்துக்கு வேறு ஊற்று தோண்டப் போகிறேன். நல்ல தண்ணீர் கிடைக்குமா, தெரியவில்லை.