ஒன்று போதும் என்றவர்

என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். எட்டு மாதம் கடல், மூன்று மாதம் தூத்துக்குடி. நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் இருக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள். இன்னொன்று வேண்டுமென்று ஆசைப்பட்டவள் நான். போதும் என்றவர் அவர்.

“ரெண்டு பிள்ளைய நல்ல பள்ளிக்கூடத்துல படிக்க வைக்கணும்னா, நான் கிழவனாவுற வரைக்கும் கப்பல்லயே கிடக்கணும்ளா” என்றார். அந்தக் குரலுக்கு இளகிப்போனேன். அவர் லீவில் இருந்தபோதே ஆபரேஷன் செய்துகொண்டேன். ஆஸ்பத்திரித் தாளில் அவரும் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் கத்தோலிக்கக் குடும்பத்தில் அது பாவம், வெளியே சொல்ல முடியாது. அதனால் கர்ப்பப்பை பலவீனம், இனிப் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொன்னதாக இருவரும் சேர்ந்து ஒரு பொய்யைக் கட்டினோம். யோசனை அவருடையது. நோயாளி நான்.

என் மாமியார் அதை அப்படியே நம்பினார். எனக்காக மணப்பாடு சிலுவைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, வாசலிலிருந்து பீடம் வரை முட்டியிலேயே போனார். பின்னால் நடந்த எனக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. கட்டியவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று விழுங்கினேன்.

போன மாதம் கொழுந்தனின் மூன்றாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம். பந்தியில் என் கணவரின் சித்தப்பா, “ஏலே, தம்பி மூணு பெத்துட்டான். நீ ஒண்ணோட நின்னுட்டியே?” என்று கிண்டலடித்தார்.

“நான் என்ன செய்ய சித்தப்பா? வேலைக்குப் போவணும்னு இவதான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா. நான் கப்பல்ல கிடந்தேன், எனக்கு என்ன தெரியும்?”

சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு கிண்டலைச் சமாளிக்க என்னைத் தூக்கிப் போட இந்த மனுஷனுக்கு எப்படி மனம் வந்தது? கறி பரிமாறிக்கொண்டிருந்த மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஆஸ்பத்திரித் தாளைத் தேடியெடுத்து மாமியிடம் நீட்டினேன். மகனின் கையெழுத்தை விரல் வைத்துப் பார்த்தார். இனி அவரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பார் என்று மடச்சி மாதிரி காத்து நின்றேன்.

“அவன் பொய்தான் சொல்லியிருக்கான்” என்றார் மாமி. “ஆனா இத யாருட்டயும் காட்டாத. ஆம்பளைக்கு அசிங்கம்லா.”

“அப்போ எனக்கு, மாமி?”

“நீ பொறுத்துப் போளா. அவன் அடுத்த வாரம் கப்பலேறப் போறவன்.”

தாளை நான்காக மடித்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார்.