தையல்நாயகிக்குக் குத்துச்சண்டை பிடித்துப்போன கதை

தையல்நாயகிக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம் என்று சொன்னால், நெல்லித்தோப்பில் அவளைத் தெரிந்த யாரும் முதலில் நம்ப மாட்டார்கள். பக்கத்து வீட்டில் தட்டு விழுந்தால்கூட இவளுக்குத் தூக்கிவாரிப் போடும். எதிரே இருப்பவர்கள் தலையைச் சொறியக் கையைத் தூக்கினால் போதும், கழுத்தைச் சுருக்கிக்கொள்வாள். அப்படி ஆக்கி வைத்த புண்ணியவான் அவள் புருஷன் ஜானகிராமன். அவனுக்கு மில்லில் முதல் ஷிப்ட். மூன்று மணிக்குச் சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்தது. நேராக வந்தால் மூன்றேகாலுக்கு வந்துவிடுவான். சாராயக்கடை வழியாக வந்தால் நாலரை. மூன்றேகால் தாண்டிவிட்டால், மகள் கமலவேணியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

குழம்பில் உப்பு கூடினால் அடி, குறைந்தால் அடி. சரியாக இருந்தால், மூஞ்சியை ஏன் தூக்கி வைத்திருக்கிறாய் என்று அடி. பிறந்த வீட்டில் போய் அழுததற்கு, "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றாள் பெற்றவள். அடித்ததைத் தெருவே கேட்டது. அணைத்ததை யார் பார்த்தார்கள், சொல்லுங்கள். அக்கா தனக்கொடி மட்டும், "உழவர்கரைக்கு எங்க வீட்டுக்கு வந்துடுடி, கஞ்சியோ கூழோ குடிச்சிக்கலாம்" என்றாள். அதற்கும் பயம்தான். தேடி வந்து இழுத்துப் போய் இன்னும் நாலு சேர்த்துக் கொடுத்தால் என்ன செய்வது?

எழுபத்தெட்டாம் வருஷம் மே தினத்துக்கு, மில் சங்கத்தில் விளையாட்டு விழா வைத்தார்கள். எல்லாரும் குடும்பத்தோடு வரவேண்டும் என்று உத்தரவு. சாரத்தில் ஒரு திடலில் நாடக மேடைப் பலகைகளை அடுக்கி, நாலு மூலையிலும் சவுக்குக் கட்டை நட்டு, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். ஜானகிராமனோடு வேலை செய்யும் தேவதாஸ் அன்றைக்குக் குத்துச்சண்டை போடுகிறான். "வந்து பாரு, அடின்னா என்னான்னு தெரியும்" என்று சொல்லித்தான் ஜானகிராமன் இவளைக் கூட்டிப் போனான். அடி என்றால் என்னவென்று இவளுக்குத் தெரியாதாம். கேட்டீர்களா கதையை.

முதல் குத்து விழுந்ததும் பிள்ளையின் முகத்தை மடியில் அழுத்திக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சத்தம் மட்டும் கேட்டது. தெரிந்த சத்தம்தானே, அவள் உடம்பு ஒவ்வொன்றுக்கும் உதறியது. அப்புறம் டங்கென்று மணி அடித்தது. சத்தம் நின்றுவிட்டது. மெல்லக் கண்ணைத் திறந்தால், இரண்டு பேரும் கையை இறக்கிவிட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்கள்.

"ஏங்க, ஏன் நிறுத்திட்டாங்க?"

"மணி அடிச்சிட்டாங்கல்ல. அடிச்சா கைய எறக்கிடணும்."

"கோவம் இருந்தாலுமா?"

"இருந்தாலுந்தான்." பொண்டாட்டி பாடம் கேட்கிறாள் என்று ஜானகிராமனுக்கு ஒரே குஷி. "பின்னாடி அடிக்கக் கூடாது. இடுப்புக்குக் கீழ அடிக்கக் கூடாது. விழுந்தவன் மேல கையே வெக்கக் கூடாது. வெச்சான்னா ஆட்டம் போச்சு."

சொல்கிறவனுக்கு ஏதாவது உறைக்கிறதா என்று தையல்நாயகி அவன் முகத்தையே பார்த்தாள். ஒன்றும் காணோம். வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த சுற்றில் தேவதாஸ் விட்ட குத்தில் எதிராளி சுருண்டு விழுந்தான். இனி உதைதான் என்று தையல்நாயகி நினைத்தாள். ஆனால் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட் போட்ட நடுவர் குறுக்கே வந்து நின்றார். அவர் பெயர் அருளானந்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், ஊரில் எல்லாருக்கும் முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா. ஒற்றை விரலை நீட்டி தேவதாஸை மூலைக்குப் போகச் சொன்னார். அவ்வளவு பெரிய தடியன், பேசாமல் போனான். முசே விரலை மடக்கி "அன், தெ, த்ருவா" என்று பிரெஞ்சில் எண்ண ஆரம்பித்தார். விழுந்தவன் அவசரப்படவில்லை. நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு ஏழு எண்ணும்போது எழுந்தான். அதுவரை ஒருத்தரும் அவனைத் தொடவில்லை. தையல்நாயகிக்குக் கண்ணில் நீர் கொட்டியது.

"எவனோ அடி வாங்குனதுக்கு நீ ஏன்டி அழுவற?" என்றான் ஜானகிராமன்.

ஊரே குத்துகிற தேவதாஸைப் பார்த்து ரசிகனானது. இவள் குறுக்கே வந்து நிற்கிற மனிதரைப் பார்த்து ரசிகை ஆனாள். அதை எங்கே போய் யாரிடம் சொல்வது?

அதிலிருந்து ஐந்து வருஷம் ஒரு போட்டியும் விட்டதில்லை. கடலூரிலிருந்து ஆள் வந்தாலும் சரி, மதராஸிலிருந்து வந்தாலும் சரி, முன்வரிசையில் இருப்பாள். நடுங்கிக்கொண்டுதான் பார்ப்பாள், ஆனால் கண்ணை மூட மாட்டாள். எந்தக் குத்து முறை, எது தப்பு என்று முசே சொல்லும் முன்பே சொல்லிவிடுவாள். "எம் பொண்டாட்டி கண்ணு தப்பாது" என்று மில் முழுக்கப் பீற்றிக்கொண்டான் ஜானகிராமன். பீற்றிக்கொண்ட வாயோடு வீட்டுக்கு வந்து கையை ஓங்குவான். அங்கே குறுக்கே வர நாதி இல்லை.

எண்பத்து மூன்றில் தேவதாஸுக்கும் கடலூர்க்காரன் ஒருவனுக்கும் கடைசிப் போட்டி. மூன்றாவது சுற்றில் கடலூர்க்காரன் தடுமாறி ஒரு முட்டியை ஊன்றினான். அந்த வேகத்தில் தேவதாஸ் தாடையில் ஒன்று விட்டான். ஆள் மல்லாந்துவிட்டான். கூட்டம் ஆர்ப்பரித்தது. முசே தலையை ஆட்டி, முட்டி ஊன்றினாலே விழுந்தவன் கணக்கு, கடலூர்க்காரன்தான் ஜெயித்தான் என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், திடலே கொதித்தது. செருப்புகள் பறந்தன. ஜானகிராமன் கயிற்றுக்குள் புகுந்து முசேயின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"அடிக்கும்போது அவன் நின்னுக்கிட்டுதான்யா இருந்தான். நம்பலன்னா எம் பொண்டாட்டிய கேளு. ஏய் தையலு, எழுந்து சொல்லுடி."

கூட்டம் அடங்கியது. நூற்றுக்கணக்கான கண்கள் அவள் மேல் திரும்பின. அவன் ஏன் அவளைக் கூப்பிட்டான் தெரியுமா? அவள் கண்ணை நம்பி இல்லை, அவள் பயத்தை நம்பி. அந்தப் பயம் பொய்யும் இல்லை. எழுந்தாள். உண்மையைச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் ஒன்பது வயசு கமலவேணி அவள் முந்தானையைப் பிடித்திருந்தாள்.

"முட்டி பலகையில பட்டுச்சு" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "முட்டி பட்டப்புறந்தான் அடி விழுந்துச்சு. முசே சொல்றதுதான் சரி."

ஜானகிராமன் மேடையிலிருந்து குதித்து வந்ததைப் பார்த்தாள். அறை விழுந்ததும் மண்ணில் சாய்ந்தாள். அவன் காலைத் தூக்கினான். அதற்குள் முசே ஓடி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுவிட்டார். கையுறைகூடக் கழற்றாத தேவதாஸ் பின்னாலேயே வந்து ஜானகிராமனைக் கட்டிப் பிடித்தான்.

"வுடுண்ணே. நான் விழுந்தவனத்தான் அடிச்சேன். எனக்குத் தெரியும்."

முசே அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினார். "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. இவன நாங்க பாத்துக்கறோம்."

தையல்நாயகி உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். "இங்க நடுவுல வர்றதுக்கு நீங்க இருக்கீங்கய்யா. வீட்ல யாரு இருக்காங்க?"

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அவள் தெருக்காரர்கள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திடலை விட்டு வெளியே வந்தாள். நெல்லித்தோப்புப் பக்கம் திரும்பாமல், உழவர்கரையில் அக்கா வீட்டுக்குப் போகும் ரோட்டில் நடந்தாள். பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சைக்கிள் மணி கேட்டாலே மகளை ஓரமாக இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா வந்துட்டா?" என்றாள் கமலவேணி.

"வருவாரு. எனக்கும் பயமாத்தான் இருக்குது. நீ நட."