துருவக் காவலரும் வாசல் காவலரும்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ, பனி கொட்டும் அயல்நாட்டுச் சிற்றூர். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஆர்க்டிக் போலீஸ் சாவடிகளுக்குக் கப்பலில் போன விஞ்ஞானிகளைப் பற்றிப் புத்தகம் எழுதுவதாகச் சென்னை முழுக்கச் சொல்லியிருக்கிறேன். இங்கே பஸ்ஸிலிருந்து அந்தப் பயணங்களின் போட்டோக் கண்காட்சி வாசலுக்கு வருவதற்குள் பனியில் இரண்டு முறை விழுந்தாயிற்று.

வாசல் செக்யூரிட்டி, வயதானவர், என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறார். "தமிழோ தம்பி? எங்கையிருந்து வாறியள்?"

"சென்னை. போட்டோக்கள் எந்தப் பக்கம்?" பதிலுக்குக்கூட நிற்காமல் உள்ளே ஓடுகிறேன்.

ஒரு படத்தில் விஞ்ஞானிகள் குனிந்து பாசி சேகரிக்கிறார்கள். சாவடியின் போலீஸ்காரர்கள் இருவர் சீருடை மாட்டி, தலைவாரி, அருகில் நிற்கிறார்கள். கப்பல் வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். வந்தவர்களோ தரையையே பார்க்கிறார்கள்.

சுருக்கென்கிறது. நானும் அப்படித்தானே ஓடிவந்தேன்? பாவம், அந்த மனிதர் பேச்சுத்துணைக்கு எவ்வளவு ஏங்குகிறாரோ! என் பெருந்தன்மையில் நானே நெகிழ்ந்து வாசலுக்குத் திரும்புகிறேன்.

"சொல்லுங்கய்யா, இங்க தனியா கஷ்டமா இருக்கும்ல?"

அவர் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார். "தனியவோ? நல்ல கதை! வீடு நிறையப் பேரப்பிள்ளையள். இஞ்சை வந்தால்தான் என்ரை காதுக்கு ஓய்வு. வேலை முடிஞ்சுது, மனிசி காரோடை நிக்கிறா. இந்த ஸ்நோவுக்கை பஸ் எப்ப வருமோ தெரியாது, நீங்களும் ஏறுங்கோ."

பின் சீட்டில், குழந்தை இருக்கைக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்காருகிறேன். அவர் மனைவி திரும்பிப் பார்த்து, "சாப்பிட்டியளோ?" என்கிறார்.

அந்த அம்மா கேட்டது அவ்வளவுதான். அவர்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் வரும்வரை நான் வாயை மூடவே இல்லை.