தொப்பி அளவு

மகளின் கழுத்தில் கட்டி என்று காட்டப் போனால், டொக்டர் நாடாவை எடுத்து அவள் தலையை அளந்தார். எனக்கு அப்போதே சந்தேகம். கழுத்துக்கு வந்தவனிடம் தலைக்கும் சேர்த்துக் காசு பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். ஸ்கேனில் தைரொயிட்டில் மூன்று கட்டிகள் தெரிந்தன. அவளுக்கு ஒன்பது வயது.

"பரம்பரையா வாற வருத்தமா இரிக்கலாம். குடும்பத்தில ஆருக்கும் கட்டி, கேன்சர் வந்திரிக்கா?" என்றார்.

நான் மனைவியைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சப் பெயர் பிள்ளைக்கு உம்மா வழியில்தான் வரும். குடி அங்கிருந்து வந்தால் வருத்தமும் அங்கிருந்துதானே வரவேண்டும்? கல்முனையில் பஸ் ஏறி நிந்தவூரில் இறங்கும்வரை அவளோடு கதைக்கவில்லை. வீட்டில் மாமியிடம் நேராகவே கேட்டேன்.

"மாமி, உங்கட குடியில ஆரும் கழுத்தில ஒப்பரேசன் செஞ்சிரிக்கா? மறைக்காமச் சொல்லுங்க."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதில மறைக்க என்ன மகன் இரிக்கி?"

நான் நம்பவில்லை. அதற்குப்பின் மாமியின் தங்கச்சி, மனைவியின் சாச்சி, சோறு தின்னும்போது இருமினால்கூட எனக்குச் சந்தேகம் வந்தது.

எங்கள் மூன்று பேரின் இரத்தமும் பரிசோதனைக்குப் போனது. முடிவு வந்த அன்று மகளை வெளியே இருத்திவிட்டு உள்ளே போனோம். டொக்டர் இம்முறை என் தலையை அளந்தார்.

"தொப்பி கடையிலயா வாங்குற?"

"இல்ல டொக்டர், தைக்கக் குடுக்கிற. கடைத் தொப்பி உச்சியிலதான் நிக்கும்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து என் தலையைப் பூசணிக்காய் என்று பகிடி பண்ணுகிறவள் மனைவி. அன்று அவள் சிரிக்கவில்லை.

மரபணுவில் ஒரே ஒரு பிழை. தலை பெருத்ததும் அதனால்தான், கட்டிகள் வந்ததும் அதனால்தான். அது என்னிடமிருந்து மகளுக்குப் போயிருக்கிறது. கட்டிகளை எடுத்துப் பார்த்தால்தான் கேன்சரா இல்லையா என்று தெரியும் என்றார் டொக்டர். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. மனைவி ஒரு சொல் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெளியே வந்ததும் மகள் ஓடிவந்தாள்.

"வாப்பா, உங்கட தலையையும் அளந்தாங்களா? ஆர்ர தல பெரிசு?"

"எண்ட தலதான்."

அவள் பிறந்ததிலிருந்து, வாப்பாவின் தலை அப்படியே வந்திருக்கிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை பேசியவன் நான். அவள் என் தொப்பியை எட்டிக் கழற்றித் தன் தலையில் போட்டாள். அது அவளுக்குக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது.