சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மத்தியக் குழு

மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு என் மகள் என்னைக் கிப்ளிங் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டாள். மிசிசாகாவில் அவள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். "தனியா போய்டுவீங்களாப்பா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள். மாஸ்கோவில் பதினோரு வருடம் சுரங்க ரயிலில் போய்வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கு ரோஷம் வந்தது. இரண்டு டாலர் எழுபத்தைந்து சென்ட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கிழக்கே போகிற ரயிலில் ஏறினேன். பதினெட்டாவது நிறுத்தம் ஷெர்போர்ன்.

என் பையில் ஒரு பேச்சு இருந்தது. மாஸ்கோவில் நான் பார்த்தது மொழிபெயர்ப்பு வேலை. அங்கே அப்போது ஆண்டுகொண்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் விதிநூலை வரிக்கு வரி தமிழாக்கியவர்களில் நானும் ஒருவன். அந்த நாட்களில் அங்கே படிக்க வந்த யாழ்ப்பாணத்து நண்பர் சிவபாலன் இப்போது டொராண்டோவாசி. நான் வந்திருப்பது தெரிந்ததும் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். அவருடைய வாசிப்பு வட்டத்தில், ஆளும் கட்சியின் மத்தியக் குழு எப்படி அமைகிறது என்று நான் பேச வேண்டுமாம். வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த வாரம் அது. இந்த நேரத்திலா என்று தயங்கினேன்.

"உந்த நேரத்திலைதான் வேணும்," என்றார். "மேலை இருக்கிறவனைக் கேள்வி கேக்க எங்கடை ஆக்கள் ஒரு வழியும் வைக்கேல்லை. மற்ற ஆக்கள் எப்பிடி வச்சிருந்தவை, எங்கை பிழைச்சவை எண்டு நீர் வந்து சொல்லும்."

மறுக்கத் தோன்றவில்லை. கேட்க ஆள் கிடைத்தால் விடுகிற ஆளும் இல்லை நான்.

ஒன்றேகால் மணிக்கு ஷெர்போர்ன் வாசலில் சிவபாலன் நின்றார். ஐந்து வருடம் முன்பு பார்த்ததைவிடத் தோள் இறங்கியிருந்தது. தெற்கே சென் ஜேம்ஸ் ரவுணுக்கு ஏழெட்டு நிமிட நடை. எதிரே குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கறுப்புக் கொடிகளோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். யூனிவர்சிற்றி அவெனியூ மறியலுக்குப் போகிறார்களாம். வழியில் ஒரு கடையில், ஒன்று ஒரு டாலர் வீதம் பத்து மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டார். வட்டத்தின் நடைமுறையைச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் அந்த விதிநூலைப் பார்த்து அமைத்ததுதான். முழு உறுப்பினர் ஏழு பேர். புதிதாக வருகிறவர் ஒரு வருடம் மாற்று உறுப்பினர். "சண்முகம் நகரத்துக்கு வெளியாலை, ஸ்ரௌவ்விலிலை, வீடு வாங்கிக்கொண்டு போட்டார். மார்ச்சிலை விலகல் கடிதம் தந்தவர். இப்ப ஆறு பேர்தான்." நான் தலையாட்டினேன்.

இரண்டு மணி. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் பொது அறை. வாசல் மேசையில் ஒரு பிஸ்கட் டின். கூட்டத்துக்கு வருகிறவர்கள் போனை நிறுத்தி அதற்குள் போட வேண்டும், இதுவும் ஒரு தீர்மானம். டாக்ஸி ஓட்டுகிற தவம் எழுந்து, இன்று மட்டும் போனைக் கையில் வைத்துக்கொள்வோம் என்றார். சிவபாலனுக்கு அதில் சம்மதமில்லை. "போனைப் பாத்துப் பாத்து ஒரு மாசமாய் எங்களுக்கு விசர் பிடிச்சுக் கிடக்குது. ஒரு மணித்தியாலம் யோசிப்பம்."

வாக்கெடுத்தார்கள். மூன்றுக்கு மூன்று. மினிட்ஸ் எழுத உட்கார்ந்திருந்த ரஞ்சினி என்ற பெண்ணின் கை அரைகுறையாக உயர்ந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, நாற்பது வயதிருக்கும், வட்டத்தில் சேர்ந்து நான்கு மாதம்.

"ரஞ்சினியின்ரை கையையும் எண்ணுங்கோவன்," என்றார் தவம்.

சிவபாலன் என் பக்கம் திரும்பினார். "நீரே சொல்லும். விதிப்படி மாற்று உறுப்பினருக்கு வாக்கு இருக்கோ?"

எனக்குள் இருந்த மொழிபெயர்ப்பாளன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இருபது வருடமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. "பேசலாம். வாக்கு கிடையாது," என்றேன். சமநிலை என்பதால் பழைய தீர்மானமே நின்றது. ரஞ்சினி போனை நிறுத்தி டின்னுக்குள் போட்டுவிட்டு வந்து பேனாவைத் திறந்தார்.

நான் தொடங்கினேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்சி மாநாடு கூடி மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். மத்தியக் குழு வருடத்தில் இரண்டு மூன்று தடவை கூடும். அது பொலிட்பீரோவையும் செயலகத்தையும் பொதுச் செயலாளரையும் தேர்ந்தெடுக்கும். காகிதத்தில் அதிகாரம் கீழிருந்து மேலே போகும். நடப்பில், யார் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்ற பட்டியல் மேலேயிருந்து வரும், கீழே இருப்பவர்கள் கை தூக்குவார்கள். இதைச் சொன்னபோது தவம் கசப்பாகச் சிரித்தார். எனக்கு உற்சாகம் கூடியது. முழு உறுப்பினரின் இடம் காலியானால் மாற்று உறுப்பினர்களிலிருந்து ஒருவரைக் கொண்டு நிரப்புவார்கள் என்று சொல்லி, அடுத்த தாளைப் புரட்டினேன்.

ரஞ்சினியின் பேனா நின்றது. "அப்ப சண்முகம் அண்ணை விலகின இடம்?"

மாற்று உறுப்பினர் என்று அங்கே இருந்தது அவர் ஒருவர்தான். மார்ச்சிலிருந்தே அந்த இடம் அவருக்கு உரியது. அவர் கையை எண்ணியிருந்தால் நான்குக்கு மூன்று. காலி இடத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் முன்பு தெருவில் காதால் கேட்டவன் நான். விதியும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். என்னிடம் வாக்கைப் பற்றி மட்டும் கேட்டார்கள், அதற்கு மட்டும் பதில் சொன்னேன். சிவபாலன் எழுந்துபோய் டின்னை எடுத்துவந்து ரஞ்சினியின் முன் வைத்தார்.

அப்போது மணி மூன்றுக்கு ஐந்து நிமிடம். போனை மறுபடி இயக்கியதும் ஒரு குரற்செய்தி வந்திருப்பதாகக் காட்டியது. இரண்டு முப்பத்தைந்துக்கு வந்தது. இலங்கையில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். ரஞ்சினி காதில் வைத்துக் கேட்டார். பிறகு எங்களுக்கும் கேட்கட்டும் என்று மேசையில் வைத்து மறுபடி போட்டார். பின்னால் ஒரே இரைச்சல். "அக்கா... வேலையோ? சரி, பாப்பம்." அவ்வளவுதான்.

வன்னியில் இருந்த தம்பியாம். இரண்டு வாரம் முன்பு யாரோ ஒருவரின் சாட்டிலைட் போனில் ஒரு நிமிடம் பேசியவன், சனிக்கிழமை கூப்பிடப் பார்க்கிறேன் என்றிருக்கிறான். அந்த எண்ணுக்குத் தவம் திரும்பத் திரும்ப அடித்தார். இணைப்புக் கிடைக்கவில்லை.

"முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை," என்றார் சிவபாலன்.

"எல்லாருக்கும் அங்கை ஆக்கள் இருக்கினம்தானே, அண்ணை. எனக்கு மட்டும் எண்டு எப்பிடிக் கேக்கிறது?"

ஆறு மணி வரை அந்தப் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ரோல்ஸை யாரும் தொடவில்லை. ரஞ்சினியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் பிழையாய் ஒண்டும் சொல்லேல்லை, ஐயா. கேட்டதுக்குச் சரியாய்த்தான் சொன்னீங்கள்," என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் ரஞ்சினி என் மகளின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். போர் முடிந்ததாக அறிவித்துப் பத்து நாளாகியிருந்தது. தம்பி மறுபடி கூப்பிட்டானா என்று கேட்டேன்.

"இல்லை, ஐயா. முகாம்களிலை இருக்கிற ஆக்களின்ரை பேர்கள் வருகுது, பாத்துக்கொண்டிருக்கிறம்." பிறகு சொன்னார்: "மினிட்ஸ் உங்கடை பேச்சின்ரை பாதியிலை நிக்குது. மிச்சத்தை எழுதி அனுப்புவீங்களோ? வாற கூட்டத்திலை வாசிக்க வேணும்."

அனுப்புகிறேன் என்றேன்.

சென்னைக்கு வந்து மூன்று மாதமாகிறது. இங்கே எங்கள் தெருவில் தேர்தல் முடிவைப் பற்றிப் பேசி ஓய்ந்துவிட்டார்கள். அந்தப் போரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் பேச்சில் மிச்சம் இருப்பது பொலிட்பீரோவும் செயலகமும்தான். நான்கு பத்தி எழுதினால் போதும், எனக்கு நூலைப் பார்க்கக்கூட வேண்டாம். எழுத உட்கார்ந்தால், விதி கிடக்கட்டும், போனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்பதுதான் எழுத வருகிறது. ரஞ்சினிக்கு இன்னும் ஒன்றும் அனுப்பவில்லை.