ஒரு பருக்கை அக்காரவடிசில்

என் மைத்துனர் ரகுவுக்கு மனநோய். யாரோ காதில் பேசுவதுபோல் கேட்கும். திருச்சி டாக்டர் கொடுத்த புது மாத்திரையில் அந்தக் குரல்கள் அடங்கின; உடம்பும் பெருத்தது. "நன்னா தேறிட்டான்" என்று ஸ்ரீரங்கத்தில் எல்லோரும் பூரித்தார்கள். கைக்குழந்தைக்காரியான எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அவர் ஓயாமல் தண்ணீர் குடிப்பதையும், கொல்லையில் அவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதையும் டாக்டரிடம் சொன்னேன்.

சோதித்ததில் சர்க்கரை வியாதி.

"மாத்திரையும் காரணமா இருக்கலாம். ஆனா அதை நிறுத்திடாதீங்க, இனிப்பை நிறுத்துங்க" என்றார் டாக்டர்.

"அந்த மாத்திரையே வேண்டாம்" என்றார் மாமியார். குரல்கள் திரும்பிவிட்டால்? முதல்முறையாக அவரை எதிர்த்துப் பேசினேன். செய்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம். வெல்ல டப்பாவைக்கூட ஒளித்து வைத்தேன்.

மார்கழியில் கூடாரவல்லியன்று மாமியார், கோயிலிலிருந்து வந்த, வெல்லமும் நெய்யும் வழியும் அக்காரவடிசிலை ரகுவிடம் நீட்டினார். "பெருமாள் பிரசாதம்டா, வேண்டாம்னு சொல்லப்படாது."

ரகு ஒரே ஒரு பருக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுக்கொண்டார்.

"போறும்மா. பெருமாள் கோச்சுக்க மாட்டார், மன்னிதான் கோச்சுப்பா" என்று என் பக்கம் திரும்பினார். "மன்னி, என் மாத்திரையை எடுத்துண்டு வாங்கோ."

மாமியாரே சிரித்துவிட்டார். மாத்திரைக்குத் தண்ணீர் கொண்டுவந்ததும் அவர்தான்.

ஊரார் ரகுவின் உடம்பைப் பார்த்துப் பெருமைப்பட்டார்கள். எனக்கு அந்த ஒரு பருக்கையில்தான் பெருமை. வெல்ல டப்பாவை அன்றே பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.