அஹாமெஃபுனா நிறுத்தம்

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது மடூகா அவளுக்கு அஹாமெஃபுனா என்று பெயரிட்டார். ‘என் பெயர் அழியாதிருக்கட்டும்’ என்ற வேண்டுதல் அது. எங்கள் பக்கம் அந்தப் பெயரை ஆண்பிள்ளைக்குத்தான் வைப்பார்கள்.

பெயர்சூட்டலுக்கு வந்த தம்பி ஒகோலி சிரித்தார். “இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவ உன் பேரையா காப்பாத்துவா, அண்ணே?”

“போற இடத்துலயும் கேக்கட்டுமே” என்றார் மடூகா.

கல்யாணமாகி ஒனிட்சா நகரத்துக்குப் போகும் சாலையோர ஊருக்குப் போன அஹாமெஃபுனா, ஒரு வளைவில் அடுப்பு வைத்து அக்காரா வடை சுட்டாள். வாசனைக்கு லாரிகள் நின்றன, பிறகு பேருந்துகளும் நின்றன. பெயரில்லாத அந்த வளைவை நடத்துனர்கள் அவள் பெயர் சொல்லியே கூவினார்கள்.

சென்ற சனிக்கிழமை, மகள் வீட்டிலிருந்த அண்ணனைப் பார்க்க ஒகோலி பேருந்து ஏறினார்.

“எங்க இறங்கணும், பெரியவரே?”

“அந்த... வடைக்கடை வளைவு.”

“வழி முழுக்க வடைக்கடைதான். பேரைச் சொல்லுங்க, இல்லேன்னா வண்டி நிக்காது.”

வளைவு நெருங்கிவிட்டது. ஒகோலி எழுந்து நின்று, “அஹாமெஃபுனா! அஹாமெஃபுனா!” என்று கத்தினார்.

வண்டி நின்றது. அடுப்பருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மடூகா காதில் கையை வைத்துக்கொண்டார். “சரியா விழலை தம்பி. இன்னொரு வாட்டி சொல்லு.”

அஹாமெஃபுனா சிரிப்பை அடக்க முடியாமல் கரண்டியைக் கீழே வைத்தாள். “வாங்க சித்தப்பா, சூடா ரெண்டு வடை சாப்பிடுங்க. தொண்டை வறண்டிருக்கும்.”